அறுபத்திரண்டு சென்ரிமீற்றர்

என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான், ஷிஹானா மிஸ். பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் குழந்தைகளின் எடையை எழுதி வைக்கும் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேர்த்தியா எழுதுற ஆள்தான் எனக்கு வேணும்" என்றீர்கள். அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

ஏழு பேர் மண்ணுக்குள் போன பிறகு, வெடிப்பை அளந்து எழுதிய கொப்பியை விசாரணைக்காரர்கள் எடுத்துப் போனார்கள். ஒரு வருடமாக ஒரே எண் எழுதியிருப்பதைப் பார்த்து, அளக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று உங்களை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்களாம். கீழே பள்ளிக்கூடத்துத் தயானி ரீச்சர் சொன்னா. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். நானும் சரியாகத்தான் படித்துக்கொண்டேன்.

பதுளை மண்சரிவு ஆபீசிலிருந்து நீங்கள் முதல் தடவை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீட்டு வரிசையான மேல்லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப் புல் தொடங்குகிற இடத்தில், நிலம் நீளமாக வெடித்திருந்தது. நாலு விரல் அகலம். வெடிப்புக்கு மேல் பக்கம் ஒரு இரும்புக் கம்பியும் கீழ்ப் பக்கம் ஒரு இரும்புக் கம்பியும் அடித்தீர்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பை இழுத்துக் காட்டினீர்கள். அறுபத்திரண்டு சென்ரிமீற்றர். "அக்கா, தினமும் காலையில அளந்து எழுதுங்க. ரெண்டு சென்ரிமீற்றர் கூடினாலும் உடனே எனக்கு போன் எடுங்க. லயத்துல ஒருத்தரும் நிக்கக்கூடாது. எல்லாரும் கீழ பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும்." அவ்வளவுதான் பாடம். அதில் விளங்காதது ஒன்றும் இல்லை.

இப்போது கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

மலையில் பெருமழை விட்ட மறுநாள் தேயிலைக் கான்களில் மண் கழுவிப்போய் கற்கள் மேலே வந்து கிடக்கும். கான் என்றால் உங்களுக்குத் தெரியும், மழைத் தண்ணீர் ஓட மலைக்குக் குறுக்கே வெட்டியிருக்கும் வாய்க்கால். சின்ன வயதிலிருந்து அவற்றைப் பார்த்திருக்கிறேன், குனிந்ததில்லை. என் புருஷன் பிலிப்பு கொழும்புக்கு வேலைக்கென்று போய் வராமலே இருந்துவிட்ட அந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நடந்தபோது, ஒரு கல்லில் வெயில் பட்டு மின்னியது. எடுத்துத் துடைத்தேன். விரல் நீளம். கண்ணாடி மாதிரி. ஆறு பக்கம், யாரோ இழைத்து வைத்ததுபோல, முனையில் கூராக. அதற்குப் பிறகு கிடைத்தவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். நெல் அளவு சின்னதிலும் ஆறுதான், கட்டைவிரல் பருமனிலும் ஆறுதான்.

அதைப் பசறையில் ஒரு நகைக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விளக்கடியில் கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. "இது வெங்கச்சங்கல்லும்மா. வாசல்ல போட்டா காலைத்தான் கிழிக்கும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. விலை இல்லாத பொருளை யாரும் கேட்டு வர மாட்டார்கள்.

என்னோடு கல் பொறுக்க வந்தவள் விஜயலெட்சுமி ஒருத்திதான். எங்கள் மேல்லயத்தில் என் காம்பராவுக்கு மூன்றாவது காம்பரா. கொழுந்து எடுப்பவள், என்னைவிட எட்டு வயது இளையவள், வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேதக்கோயிலுக்குப் போய்த் திரும்பியதும் வாசலில் நிற்பாள். "நேசக்கா, சாமி கும்பிட்டாச்சா? வாங்க, இனி கல்லைக் கும்பிடுவோம்." அவளுக்குப் பளிங்கு பெரிதில்லை. மாதுளை முத்து மாதிரிச் சின்னச் சின்னதாகச் சிவந்திருக்கும் கார்னட்தான் வேண்டும். ஒரு ஜாம் போத்தலில் போட்டு ஜன்னலில் வைத்திருந்தாள். நான் பால்மா டின்களில் பஞ்சு போட்டு வைத்தேன். ஒருமுறை இருவரும் வெள்ளைக்காரர்கள் சுற்றிப்பார்க்க வரும் எல்ல டவுனுக்கு பஸ்ஸில் போனபோது, ஒரு கடையில் இதே கற்களை வெல்வெட் துணியில் பரப்பியிருந்தார்கள். விஜயலெட்சுமி என் விலாவில் இடித்தாள். "பாருங்கக்கா, நம்ம கான்ல கெடக்கிறத வெள்ளைக்காரனுக்குக் காட்டுறான். நம்ம ரெண்டு பேரும் ராணிங்க, தெரியாமலே லயத்துல கெடக்கிறோம்." வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இருபத்திரண்டு வருடம் பிள்ளைக்காம்பராவில் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறேன். ஐந்து வயதானதும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அடுத்த வருடம் வழியில் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பிள்ளைகள் அப்படித்தான். கல் அப்படிப் போகாது என்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கம்பி அடித்த வருடம் ஒக்டோபரில் இரண்டரை சென்ரிமீற்றர் கூடியது. உடனே உங்களைக் கூப்பிட்டேன். இருபத்தாறு குடும்பம் பானை சட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினோம். ஒன்பது நாள். ஒன்றும் விழவில்லை. வெயில் வந்து திரும்பி ஏறியபோது, விஜயலெட்சுமியின் புருஷன் அழகர் லயத்து வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "நேசராணியக்கா டேப்ப இழுத்தா போதும், நம்ம அடுப்புக் கல்லுகூட எந்திரிச்சு நடக்குது." அவன் தாய் ரெங்கம்மா, "அடுத்த தடவ அளக்கறப்ப கொஞ்சம் மெதுவா இழு தாயி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது நாள் வேலை போன கோபத்தை அவர்கள் வேறு எப்படிக் காட்டுவார்கள்? நீங்கள் வந்து கம்பியை மறுபடி அறுபத்திரண்டுக்கு நட்டு, புதிதாகக் கணக்குத் தொடங்கினீர்கள். கம்பியை எப்படிப் பிடுங்கி எப்படி நடுவது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த டிசம்பரில், மழை விட்ட ஒரு காலை, அளந்து முடித்துவிட்டு வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் கை போகும் அளவுக்கு இருந்தது. மேல் சுவரில் வெள்ளைக் கல் ஒரு வரியாக ஓடியது. கையை விட்டேன். முழங்கை வரை போனதும் விரலுக்கு ஒரு பொந்து தட்டுப்பட்டது. உள்ளே, சுற்றிலும், பல் வரிசை மாதிரி, ஒவ்வொன்றாக. எனக்குப் பார்க்க முடியவில்லை. விரல் நுனியால் எண்ணினேன். ஆறு பக்கம். அடுத்ததும் ஆறு. எவ்வளவு நேரம் அப்படியே மண்ணில் கன்னம் வைத்துப் படுத்துக் கிடந்தேன் என்று தெரியாது. பிள்ளைக்காம்பராவை அன்று அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தேன். அதற்கு முன் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் அளந்ததும் கொஞ்ச நேரம் வேலை செய்தேன். வளைத்த கரண்டி, பழைய பல் விளக்கும் பிரஷ், ஒரு ஊசி. அவசரப்பட்டால் முனை உடைந்துபோகும். ஒரு கல்லுக்கு நாலு நாள், ஐந்து நாள் ஆகும். நான் மேலே போவதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்காகவும் போகிறேன் என்றுதான் நினைத்தார்கள். போகும்போது சிலர் கும்பிடுகூடப் போட்டார்கள்.

விஜயலெட்சுமிக்கு ஒன்று கொடுத்தேன். "எங்கக்கா கெடச்சுது, தண்ணியையே வெட்டி எடுத்த மாதிரி இருக்கு?" என்றாள். ஓடையில் என்றேன். அது முழுப் பொய் இல்லை. ஓடையில்தான் கழுவினேன்.

மார்ச்சில் நீங்கள் வந்தபோது சொன்னீர்கள்: இனி ஒரு தடவை கூடினால் காத்திருக்க மாட்டோம். வெடிப்பு முழுவதையும் களிமண் போட்டு இடித்து மூடி, மேலே பொலித்தீன் விரித்துவிடுவோம். மேல்லயத்தை நிரந்தரமாகக் காலி பண்ணச் சொல்லுவோம். "உங்க எல்லாருக்கும் அதுதான் நல்லது அக்கா." ஆமாங்க மிஸ் என்றேன். என் காதில் களிமண் என்ற ஒரு சொல்தான் நின்றது.

ஏப்ரல் மழையில் இரண்டு சென்ரிமீற்றர் கூடியது.

போனைக் கையில் எடுத்தேன். உங்கள் இலக்கத்தையும் எடுத்தேன். பொந்தில் கால்வாசிகூட முடியவில்லை. யோசித்துப் பார்த்தேன்: போன தடவை இரண்டரை கூடியும் ஒன்றும் விழவில்லை. ஒன்பது நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சீமெந்தில் படுத்துச் சளி பிடித்ததுதான் மிச்சம். சனங்களுக்கும் போக விருப்பமில்லை. எனக்காக மட்டும் இல்லை என்று தோன்றியது. போனை வைத்துவிட்டு, கீழ்க் கம்பியைப் பிடுங்கி இரண்டு சென்ரிமீற்றர் மேலே தள்ளி நட்டேன். பழைய துளையில் மண்ணை மிதித்து ஒரு புல் கட்டியை வைத்தேன். பிறகு டேப்பை இழுத்தேன். அறுபத்திரண்டு காட்டியது. அறுபத்திரண்டு என்று எழுதினேன்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கொப்பியில் பொய் எழுதவில்லை. டேப் எதைக் காட்டியதோ அதைத்தான் எழுதினேன்.

ஜூனில் ஒரு தடவை. ஓகஸ்டில் இரண்டு தடவை. செப்டெம்பரில் நீங்களே வந்து அளந்து கையெழுத்துப் போட்டீர்கள். வெடிப்பின் மேல் மானாப் புல்லை வெட்டிப் பரப்பியிருந்தேன். ஏன் என்று கேட்டீர்கள். பிள்ளைகள் ஓடி வந்து விழுந்துவிடக் கூடாதல்லவா என்றேன். "நல்ல யோசனை அக்கா" என்றீர்கள். நான் தோண்டியிருந்த இடத்தில், புல்லுக்குக் கீழே அப்போது ஒரு ஆள் இறங்கலாம். பிள்ளைகளைப் பற்றி நான் யோசித்ததும் உண்மைதான்.

ஒக்டோபர் முடிவில் ஒருநாள் விஜயலெட்சுமி பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்தாள். கொழுந்துக் கூடை முதுகில் இருந்தது. முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"அக்கா, நேத்து வெறகுக்கு மேல போனேன். அந்த வெடிப்பு வாயப் பொளந்துகிட்டு கெடக்கே. புல்ல தள்ளிப் பாத்தேன், நெஞ்சு திக்குன்னுச்சு."

"மழைக்கு ஓரம் கொஞ்சம் கரைஞ்சிருக்கு. அளவு அப்பிடியேதான் இருக்கு."

"நெசமாவா?"

கொப்பியைக் காட்டினேன். அவளுக்கு எண்கள் வாசிக்கத் தெரியும். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். பிறகு, "வா, நீயே அளந்து பாரு" என்று அவளைக் கூட்டிக்கொண்டுபோய் டேப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தேன். அவளே குனிந்து வாசித்தாள். அறுபத்திரண்டு. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. ஒங்கள சந்தேகப்படல. இவரு அம்மா ராவெல்லாம் தூங்காம பொலம்புது, சொவரு பேசுதுன்னு. அதான்."

"அத்தைக்கு வயசாகிடுச்சு."

"ஆமா. டேப்பு பொய் சொல்லுமா, ஒங்களுக்குத்தான் பொய் சொல்லத் தெரியுமா?" என்று சிரித்தாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். சறுக்கலாக இருந்தது. லயத்துக்குப் போய், அளவு சரியாக இருக்கிறது, நானே என் கண்ணால் பார்த்தேன் என்று எல்லோருக்கும் சொன்னதும் அவள்தான். அழகர் மூட்டை கட்டி வைத்திருந்தானாம். அவிழ்த்துவிட்டான்.

பொந்தில் அப்போது ஒரு கல்தான் மிச்சம். அடியில், மற்றவை எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றது. என் முன்கை நீளம். ஒரு கீறல் இல்லை. வயிற்றில் மட்டும் லேசாகப் புகை படிந்தது போல் இருந்தது. அதை வேரோடு எடுக்க இன்னும் பத்து நாள் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் என்னை எப்படி நினைப்பீர்களோ தெரியாது. அந்தப் பத்து நாளும் இரவில் ஜெபம் பண்ணினேன். மழை கொஞ்சம் பொறுக்கட்டும் என்றுதான் கேட்டேன். சனங்களுக்காகவும் கேட்டேன்.

மழை பொறுக்கவில்லை. நவம்பர் இரண்டாம் வாரம், வியாழன் ஒரே இரவில் மூன்று விரற்கடை கூடியது. வெள்ளிக்கிழமை காலையில் கீழ்க் கம்பியைப் பிடுங்கினேன், நடுவதற்கு மண் இல்லை. வெடிப்பின் ஓரம் கையோடு பெயர்ந்து வந்தது. அன்று அளக்கவில்லை. அறுபத்திரண்டு என்று எழுதினேன். சனிக்கிழமையும் எழுதினேன். ஞாயிறும். மேலே பொய் எழுதவில்லை என்று சொன்னேன் அல்லவா, இந்த மூன்றைத் தவிர என்று திருத்திக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் பெரிய கல் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிருக்கும். மழை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நான் கீழே கோயிலில் இருந்தேன். இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. லொறி ஏறுகிற சத்தம் மாதிரி வந்தது, நிற்கவே இல்லை. வெளியே ஓடி வந்தபோது மேல்லயத்தில் எங்கள் முனை இல்லை. சிவப்பு மண் இன்னும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, மேலே ஒரு தேயிலைச் செடி நேராக நின்றபடியே இறங்கி வந்தது. விஜயலெட்சுமி, அழகர், ரெங்கம்மா. பக்கத்துக் காம்பராவில் சுரேஸின் வீட்டில் நாலு பேர். அந்த நாலு பேரில் சஜீவனியும் ஒருத்தி, மூன்று வயது, என் பிள்ளைக்காம்பராப் பிள்ளை. வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மடியில்தான் தூங்கினாள். விஜயலெட்சுமியை மூன்றாம் நாள் எடுத்தார்கள். குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. தலைமுடிக்குள் இருந்த மண் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. மெதுவாக, ஒரு பிரஷ் கொண்டு எடுத்தேன். எனக்கு அந்த வேலை பழக்கம்.

எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். என் காம்பராவும் போய்விட்டது, என் கூட்டாளியும் போய்விட்டாள் என்று. சுரேஸின் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. மலை சரியும் என்று எனக்குத் தெரியாது, மிஸ். நான் அப்படி நினைக்கவே இல்லை. இதை யாரிடமும் சத்தியம் பண்ணிச் சொல்வேன் என்றுதான் நேற்று வரை இருந்தேன்.

நேற்று நீங்கள் வந்தீர்கள். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. மெலிந்து போயிருந்தீர்கள். பிள்ளைக்காம்பராவில் இப்போது நான் தங்கியிருக்கும் மூலையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தீர்கள். பலகையில் வரிசையாக இருந்த டின்களைப் பார்த்தீர்கள். ஒன்றைத் திறந்து உள்ளே பார்த்தீர்கள்.

"அக்கா, உங்க காம்பராவுல ஒரு கரண்டிகூட மிஞ்சலையே. இது எல்லாம் எப்படித் தப்பிச்சுது?"

"கர்த்தரோட கிருபை" என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். உங்களுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. நீங்கள் போன பிறகு எனக்குப் போதவில்லை. நீங்கள் கேட்டதற்குச் சரியான பதில் இதுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கம்பி நட மண் இல்லாமல் போன அதே நாள் பின்னேரம், பதினொரு டின்களையும் கீழே பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோனேன். நாலு நடை. மூன்றாவது நடையில் விஜயலெட்சுமி கண்டுவிட்டு ஓடி வந்து இரண்டு டின்களை வாங்கிக்கொண்டாள். மழைக்குத் தலையில் தடித்த ரெட்டுத் துண்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.

"எதுக்குக்கா இந்த மழையில இதுகளத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க?"

"கூரை ஒழுகுது. பலகையெல்லாம் ஊறிப்போச்சு."

"எங்க கூரைக்கு மட்டும் என்ன, அதுவும் சல்லடைதான்." டின்களை இறக்கி வைத்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "அப்ப என் போத்தலையும் கொண்டாந்து இங்க வச்சிரவா?"

அவள் போத்தலைத் தூக்கினால் அழகர் ஏன் என்று கேட்பான். அழகர் கேட்டால் லயம் முழுக்கக் கேட்கும். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், நீங்கள் களிமண்ணோடு வந்திருப்பீர்கள். எனக்கு இன்னும் ஒரு காலை வேண்டியிருந்தது.

"ஒன்னோடது அங்கேயே இருக்கட்டும்" என்றேன். "ஒன்னும் ஆகாது."